நாற்றுக்கு ஒரு வாக்கியம்

மார்ச் 2

மகளுக்கு,

இது சமாதானம் பேசும் கடிதம் இல்லை. பிரித்ததும் நீ அப்படி நினைத்துக்கொண்டு விடக் கூடாது என்பதற்காக முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு வாக்கியம் வேண்டும். அது உன்னிடம் இருக்கிறது. வேறு யாரிடமாவது இருந்திருந்தால் அவர்களிடம் போயிருப்பேன்.

ஜி எழுத்தோடு நீ தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுப் போனாயே, அந்த ஆங்கில வினைச்சொல் அகராதி, அது நின்றுபோகவில்லை. எச் எழுத்துக்கு வந்திருக்கிறேன். இப்போது "ஹார்டன்" என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். யாரைக் கேட்டாலும் "கெட்டியாவது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அவ்வளவுதான் என்றால் எனக்கு என்ன வேலை? சிமெண்ட் இறுகுவதற்கும் அந்தச் சொல்தான். உளி செய்கிறவன் இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குகிறானே, அதற்கும் அதுதான். சந்தையில் விலை இறங்க மாட்டேன் என்று நிற்பது, உள்ளங்கை காய்த்துப்போவது, பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் குரல் கடுத்துப்போவது, மனசு இறுகுவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லையே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

என் விதி உனக்குத் தெரியும். நான் கண்ணால் பார்க்காததை, காதால் கேட்காததை உதாரண வாக்கியமாக எழுத மாட்டேன். மற்றவர்கள் மேஜையில் உட்கார்ந்துகொண்டு வாக்கியம் தயாரிக்கிறார்கள். அதில் வருகிற மனிதர்கள் எல்லாரும் மெழுகுப் பொம்மை மாதிரி இருக்கிறார்கள். நான் சிமெண்டுக்காகப் புதுப் பாலம் கட்டும் இடத்தில் போய் நின்றேன். மேஸ்திரி என்னைச் சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார். உளிக்காகப் பட்டறையில் நின்றதில் சட்டையில் இரண்டு ஓட்டை. விலைக்கு மொத்தக் காய்கறிச் சந்தை. ரத்தக்குழாய்க்கு மட்டும் அலைய வேண்டியிருக்கவில்லை. டாக்டர் என்னுடையதைப் பற்றியே சொன்னார். "இறுகிப் போயிருக்கு, பெரியவரே" என்றார். அவரிடமே பேனா வாங்கி எழுதிக்கொண்டேன்.

பாக்கி இருப்பது நாற்று. கொட்டகைக்குள் வளர்ந்த நாற்றை நிலத்தில் நடுவதற்கு முன்னால் வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குகிறீர்களே, அதற்கும் இதே சொல்தான். கூட "ஆஃப்" என்று ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள். லாரி நிறுக்கும் எடைமேடையில் வேலை பார்த்து, லாரிக்கும் லாரிக்கும் நடுவில் இங்கிலீஷ் படித்தவன் நான். நாற்று எப்போது என் மேடையில் ஏறியது? நீ நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாய். ஒரு வாக்கியம் எழுதி அனுப்பு. நான் பார்க்காததுதான். ஆனால் நீ பார்த்தது என்பதால் பாதி விதிக்கு உட்பட்டது என்று விட்டுக்கொடுக்கிறேன். இதுவே அதிகம்.

போனில் கேட்க வேண்டியதுதானே என்பாய். போன் என்றால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். உன் அம்மா அங்கே வருகிறாளே, அவளிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன். "நான் என்ன தபால்காரியா? வாய் இருக்குல்ல, நீங்களே கேளுங்க" என்றுவிட்டாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அச்சகத்தில் எச் எழுத்தைக் கேட்கிறார்கள். அதற்குள் வேண்டும்.

அப்பா


மார்ச் 7

அப்பாவுக்கு,

ரத்தக்குழாய்க்கு என்ன ஆயிற்று? சிமெண்டுக்கு அத்தனை வரி எழுதிவிட்டு இதற்கு மட்டும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் வேறு என்ன சொன்னார்? மாத்திரை கொடுத்தாரா? அதைச் சாப்பிடுகிறீர்களா, இல்லை அதன் பெயருக்கும் அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? அம்மாவைக் கேட்டால் "உங்கப்பா எங்கிட்ட சொல்றதையா உங்கிட்ட மறைச்சேன்" என்கிறாள். அவளுக்கே தெரியாது போலிருக்கிறது.

வாக்கியம் தர மாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. பாதி விதி எனக்கு வேண்டாம். உங்கள் முழு விதிப்படியே நடக்கட்டும். வந்து பாருங்கள். பதினைந்தாம் தேதிக்கு மேல் தக்காளி நாற்றுத் தட்டுகளை வெளியே வைக்க ஆரம்பிப்பேன். வாருங்கள், வீட்டுக்குள் வந்து உட்காருங்கள், ஒரு வாய் சாப்பிடுங்கள், பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். என் நிபந்தனை அவ்வளவுதான்.

நீங்கள் ஒரு நாளும் கேட்காததால் நானே சொல்கிறேன். முதல் வருஷம் நாற்று எல்லாம் எப்படிச் செத்தது என்று உங்களுக்குத் தெரியுமா? நான் ஒரே நாளில் எல்லாத் தட்டுகளையும் வெளியே தூக்கி வைத்தேன். வெயிலும் காற்றும் பட்டால்தான் உரம் ஏறும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த வளர்ப்பு அது ஒன்றுதான். சைக்கிள் கற்றுக்கொடுக்க மேட்டின்மேல் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்களே, அதே வளர்ப்பு. மறுநாள் காலையில் பார்த்தால் ஈரத் துணி மாதிரி அத்தனையும் சுருண்டு கிடந்தது. உங்களுக்குப் போன் செய்தேன். "அழுது முடிச்சிட்டியா? முடிச்சிட்டு விதை வாங்கு" என்று வைத்துவிட்டீர்கள்.

எனக்கு அறிவுரை வேண்டியிருக்கவில்லை அப்பா. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் வாசலுக்கு வந்து பார்த்தேன். நீங்கள் இறங்கவில்லை.

உங்கள் புத்தகத்தைப் பற்றி நான் பேசியது அதற்குப் பிறகுதான். பேசவில்லை என்று சொல்லவில்லை. எதற்குப் பிறகு என்று மட்டும் சொல்கிறேன்.

மாத்திரையைச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 11

மகளுக்கு,

மேட்டிலிருந்து தள்ளிவிட்டேன் என்கிறாய். ஒரே மத்தியானத்தில் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டாய் என்பதை எழுதவில்லை. எதிர்வீட்டுக்காரர் தன் மகள் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு மாசக்கணக்கில் ஓடினார். அவருக்கு இளைத்ததுதான் மிச்சம்.

நான் வரவில்லை என்கிறாய். போனை வைத்த மறுநாளே இரண்டு பொட்டலம் நல்ல விதை தபாலில் அனுப்பினேன். வந்தது, வரவில்லை என்று ஒரு வார்த்தை உண்டா? நான் கையில் விதையோடு நிற்கிற ஆள். தோளில் துண்டோடு வந்து துக்கம் விசாரிக்கிற ஆள் இல்லை.

அப்புறம் அந்தப் பேச்சு. உன் வீட்டுப் பந்தியில் சம்பந்தி வீட்டார், அச்சுக்காரர் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அச்சுக்காரரை அழைத்து வந்ததே நான். "இதையெல்லாம் யாரு பிரிச்சுப் பாக்கப்போறா? போன்ல தட்டுனா வந்துட்டுப் போகுது" என்றாய். அவர் சிரித்தார். மூன்று வருஷமாக ப்ரூஃப் கொடுக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு அவர் மீசைக்குள் உட்கார்ந்திருக்கிறது. எடைமேடைக் கூண்டுக்குள் வெயிலில் வெந்துகொண்டு நான் சேர்த்த சொற்களை நீ ஒரு வாய் சோற்றுக்கு நடுவில் தள்ளிவிட்டாய். கையைக் கழுவும்போதே சொன்னேன், இனி இந்த வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று. சொன்னது சொன்னதுதான். உள்ளே வர மாட்டேன், உட்கார மாட்டேன், சாப்பிட மாட்டேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். தட்டுகளை நீ வெளியேதான் வைக்கப்போகிறாய். உன் வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பது பொதுத் தெரு. அதில் நிற்பதற்கு நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பதினாறாம் தேதி வருகிறேன். வேலிக்கு வெளியே நிற்பேன். நீ வந்து பேச்சுக் கொடுக்கக் கூடாது. அழைக்கக் கூடாது.

ரத்தக்குழாய் என்னுடையது. நான் பார்த்துக்கொள்வேன். மாத்திரை உண்டு. கசக்கிறது.

அப்பா


மார்ச் 21

அப்பாவுக்கு,

பேச்சுக் கொடுக்கக் கூடாது என்றீர்கள். கொடுக்கவில்லை. எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

முதல் நாளே பக்கத்து வீட்டுத் தையற்கார அக்கா கத்தரிக்கோலும் கையுமாக ஓடி வந்தாள். "உங்க வேலியாண்ட ஒருத்தரு குடைய புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. தட்டையே மொறச்சுப் பாக்குறாரு. நாத்துத் திருடனா இருக்குமோ?"

"இல்லக்கா. எங்கப்பா."

"அப்பாவா? அப்புறம் ஏன் தெருவுல நிக்கிறாரு?"

"அகராதி எழுதறாரு."

"அப்படியா" என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்கு மேல் கேட்கவே இல்லை. உங்களை அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வேலிக் கம்பத்தின்மேல் வைத்தேன். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நான் உள்ளே போனதும் எடுத்துக் குடித்தீர்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். காலி டம்ளரைக் கவிழ்த்துவேறு வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. தினமும் நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். தட்டுகள் வெளியே இருப்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். அதை வைத்து வாக்கியம் எழுதிவிடாதீர்கள்.

முதல் நாள் மூன்றரை மணிக்கு மேல் நிழலில் ஒரு மணி நேரம்தான் வைத்தேன். மறுநாள் கொஞ்சம் கூட. மூன்றாம் நாள் காலை இளவெயில். காற்று பலமாக இருந்த அன்றைக்குச் சாக்கைக் கட்டி மறைத்தேன். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஒவ்வொரு தட்டாகத் தூக்கி உள்ளே வைக்கிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. வெளியே வைத்தபின் வெயிலும் காற்றும் தம் வேலையைப் பார்த்துக்கொள்ளும், அதற்கு நான் தேவையில்லை. உள்ளே எடுத்து வைக்கத்தான் ஆள் வேண்டும். அப்படி எடுத்து வைப்பதால்தான் மறுநாள் அது இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தாங்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நாற்று உரம் பிடிக்கும். உங்கள் வாக்கியம் "நாற்றை வெளியே வைத்தாள்" என்பதோடு முடிந்துபோனால் அதைப் படித்துவிட்டு எவளாவது என்னைப் போல மொத்தத்தையும் பறிகொடுப்பாள்.

நான் சொல்வது நாற்றைப் பற்றி மட்டும் இல்லை. அதுவும் உங்களுக்குத் தெரியும்.

வருகிற வியாழக்கிழமை நானும் உங்கள் மாப்பிள்ளையும் வெளியூர் போகிறோம், மாமியாருக்குக் கண் ஆபரேஷன். திரும்ப இருட்டிவிடும். தட்டுகளை எடுத்து வைக்கத் தையற்கார அக்காவிடம் சாவிக்கொத்தைக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு நீங்கள் வந்து வெயிலில் நிற்க வேண்டாம்.

உங்கள் மகள்


மார்ச் 27

மகளுக்கு,

நீ வேறு விதமாகக் கேள்விப்படுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உன் வாசல்படியை நான் மிதிக்கவில்லை.

நேற்று வந்தேன். நீ இருக்க மாட்டாய் என்பதால்தான் வந்தேன். ஜன்னலிலிருந்து யாரும் பார்க்காமல் நிம்மதியாக நிற்கலாம் பார். எடுத்து வைப்பதைப் பார்க்காமல் எழுதாதே என்று சொல்லிவிட்டாய், அதனால் நான்கு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கே காற்று மாறிவிட்டது. வடக்கே வானம் கறுத்து வந்தது. காற்று ஒரு தட்டைப் புரட்டித் தள்ளியது. உன் தையற்காரம்மாவைக் கூப்பிட்டேன். வீடு பூட்டிக் கிடந்தது. துணி கொடுக்கப் போயிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனேன். வேலிக் கதவு வாசல்படி ஆகாது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கொட்டகையும் பூட்டியிருந்தது, வீடும் பூட்டியிருந்தது. சமையலறை ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, தட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாக உள்ளே மேடைமேல் வைத்தேன். மேடை நிறைந்தது. அடுப்பின்மேல் வைத்தேன். கை எட்டிய வரைக்கும் எங்கெல்லாம் இடமோ அங்கெல்லாம் வைத்தேன். சர்க்கரை ஜாடி ஒன்று விழுந்து உடைந்துவிட்டது.

பாதி வேலை முடிந்தபோது அந்தம்மா ஓடி வந்தாள். "ஐயா, எங்கிட்ட சாவி இருக்கு. கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போவ நேரமில்ல, வீட்டுக் கதவத் தொறந்துவிடறேன், உள்ள வாங்க."

"வேணாம்மா. ஜன்னலே போதும்."

"மழை வரப்போவுதுங்கய்யா."

"அதனாலதான் நிக்காம நீ உள்ள போய் வாங்கு."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே போனாள். நான் வெளியிலிருந்து கொடுத்தேன், அவள் உள்ளிருந்து வாங்கி அறையெல்லாம் அடுக்கினாள். கடைசித் தட்டு உள்ளே போகும்போது தூறல் விழுந்தது. கெட்டிக்காரி. ஆனால் வாய் ஓயவில்லை.

புரண்டுபோன தட்டில் ஒரு நாற்று வேரோடு வந்துவிட்டது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பத்து நாளைக்கு முன்னால் நான் பார்த்தபோது தண்டு நூல் மாதிரி வெளுத்திருந்தது. இப்போது விறைப்பாக நிற்கிறது, ஊதா நிறம் ஏறியிருக்கிறது. மண்ணை அள்ளித் திரும்ப நட்டுவிட்டேன். பிழைக்கிறதா என்று எழுது.

கடைசி பஸ்ஸில் வந்தேன். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். சர்க்கரை ஜாடி மட்டும் தெரிந்தால் போதும்.

அப்பா


மார்ச் 30

அப்பாவுக்கு,

விளக்கைப் போட்டதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்பில் தக்காளி, அலமாரியில் தக்காளி, கட்டில் முழுக்கத் தக்காளி. அவர் ஒரு தட்டை நகர்த்தப் பார்த்தார், "யாரும் தொடாதீங்க" என்று கத்திவிட்டேன். தரையில் படுத்துக்கொண்டோம். அன்றைக்கு அடித்த காற்றில் தெருவில் ஒரு தகரக் கூரையே போயிருக்கிறது. ஒரு நாற்றும் போகவில்லை. நீங்கள் திரும்ப நட்டதும் பிழைத்துவிட்டது.

நடந்ததை எல்லாம் அக்கா நடித்தே காட்டினாள். வாளிமேல் நீங்கள் ஏறியது, "ஜன்னலே போதும்" என்றது, எல்லாம். பிறகு குரலை இறக்கி, எல்லாம் முடிந்ததும் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த வாளியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள் என்றாள். பேச முடியாமல் மூச்சு வாங்கியது என்றாள். உள்ளே வந்து படுங்கள் என்று அவள் கெஞ்சியும் தூறலிலேயே உட்கார்ந்திருந்தீர்களாம். உங்கள் கடிதத்தில் அது இல்லை. அதனால் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் அவள் உங்களைக் கூட்டிப் போவாள். அகராதியை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

நான் ஒன்று யோசித்தேன். உள்ளே வா, உட்கார், சாப்பிடு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டது சரியில்லை. மூன்று வருஷம் வெளியே இருந்தவரை அப்படிக் கூப்பிடுவார்களா? என் தொழிலுக்கே அது அழகில்லை. அதனால் நாற்றுக்குச் செய்வதை உங்களுக்குத் தலைகீழாகச் செய்யப்போகிறேன்.

முதல் நாள் வேலிக்கு உள்ளே, கொட்டகை நிழலில் ஒரு நாற்காலி. ஒரு மணி நேரம். வாசல்படி அங்கிருந்து நல்ல தூரம், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் பேச மாட்டார்கள். தண்ணீர் மட்டும் வரும். அடுத்த தடவை கொஞ்சம் கூட. இந்த வருஷம் முழுக்க ஆனாலும் பரவாயில்லை, நான் அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் விடவும் மாட்டேன். இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எங்கேயும் தேட வேண்டியதில்லை.

அடுத்த வியாழக்கிழமை முட்டைக்கோஸ் நாற்றை முதல் முறையாக வெளியே வைக்கிறேன். நாற்காலி அன்றைக்கு அங்கே இருக்கும். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் இருக்கும்.

அந்த இரண்டு விதைப் பொட்டலம் வந்தது. அப்போதே விதைத்தேன். நன்றாக முளைத்தது. அதை அன்றைக்கே எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

உங்கள் மகள்


ஏப்ரல் 4

மகளுக்கு,

நான் நாற்று இல்லை.

டாக்டரிடம் போனேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பேசவே விடவில்லை. மாத்திரை இரண்டாகிவிட்டது. மாடி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, வாளிமேல் ஏறக் கூடாது. இந்தக் கடைசி ஒன்றை டாக்டர் தானாகச் சொல்லியிருக்க மாட்டார். யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

வாக்கியத்தை எழுதி அச்சகத்தில் கொடுத்தேன். "அவள் நாற்றுகளைப் பகலில் வெளியே வைத்து, சாயங்காலம் உள்ளே எடுத்து வைத்து, காற்றுக்கு உரப்படுத்தினாள்." இங்கிலீஷிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். நேற்று ப்ரூஃப் வந்தது. பார்த்தால் நடுவில் இருந்த "சாயங்காலம் உள்ளே எடுத்து வைத்து" என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தார் அச்சுக்காரர். ப்ரூஃபை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன்.

"வெளிய வைக்கிறதுலயே அர்த்தம் வந்துருச்சே, பெரியவரே. உள்ள எடுத்து வைக்கிறது எதுக்கு? அது இந்தச் சொல்லுல சேராதே."

"சேரும்."

"எந்த அகராதியில சேரும்?"

"என் அகராதியில."

"ஒரு வரி நீளுது. அடுத்த பக்கம் தள்ளிக்கிட்டுப் போகுது."

"போகட்டும். சிமெண்ட வெட்டு. உளிய வெட்டு. என் ரத்தக்குழாய வேணும்னாலும் வெட்டிக்க. இதுல ஒரு எழுத்தத் தொட்டா புத்தகமே வேணாம்."

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். சிரிக்கவில்லை. வரி முழுசாக நிற்கிறது. அடுத்த பக்கம் தள்ளித்தான் போயிருக்கிறது. இதை உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. கண்ணால் பார்த்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உன் அம்மாவும் வருகிறாள். அவள் உள்ளே போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும், அவளுக்கு விதி எதுவும் கிடையாது. நான் கொட்டகை நிழலில் இருப்பேன். நாற்காலிக்குக் கை இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அதற்கு மேல் என்னை உபசரிக்கக் கூடாது.

கோஸ் நாற்றைத் திரும்ப எடுத்து வைக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிடு. பாரம் தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு தட்டு பாரம் ஆகாது. ஜன்னல் உயரம் எனக்கு ஒத்துவரவில்லை. கதவைத் திறந்து வை.

அப்பா